லைஃப் கோச் ஆவது எனக்குப் பொருந்துமா? முடிவெடுக்க உதவுங்கள்

நொய்யல் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 42. கோவையில் ஒரு நூற்பாலை நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் 17 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். வேலையில் பெரிய குறை எதுவும் இல்லை. ஆனால் வருகைப் பதிவேடு, பி.எஃப்., ஆண்டு மதிப்பீடு என்று நாள் முழுவதும் தாள்களோடு போய்விடுவதும், மனிதர்களோடு அமர்ந்து பேசும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருவதும் எனக்கு உறுத்தலாக இருக்கின்றன.

அலுவலகத்திலும் சரி, உறவினர் வட்டத்திலும் சரி, எல்லோரும் யோசனை கேட்டு என்னிடம்தான் வருகிறார்கள். 'உங்களிடம் பேசினால் தெளிவு கிடைக்கிறது' என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சென்ற மாதம் லைஃப் கோச் (வாழ்க்கை, வேலை பற்றிய முடிவுகளில் ஒருவரோடு பேசித் துணைநிற்கும் பயிற்றுநர்) பயிற்சி பற்றிய இலவச இணையவழி வகுப்பு ஒன்றில் கலந்துகொண்டேன். அதன் முடிவில் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். கட்டணம் 1,80,000 ரூபாய். மாதத் தவணையிலும் செலுத்தலாம். ஞாயிறு இரவுக்குள் சேர்ந்தால் சலுகை உண்டு என்றார்கள். அந்த ஞாயிறு கடந்துவிட்டது. ஆனாலும் எனக்கு இன்னும் அதே நினைவாகவே இருக்கிறது.

கணவர் பணியில் இருக்கிறார். மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். வேலையை உடனே விடும் எண்ணம் இல்லை. இந்தத் தொழில் எனக்குப் பொருந்துமா என்பதை நானே எப்படி அறிந்துகொள்வது? இத்துறையில் இருப்பவர்களும், இருந்து விலகியவர்களும் மனம் திறந்து எழுதினால் நன்றியுடன் படிப்பேன்.

கரிசல்மண்:

நொய்யல் அவர்களுக்கு வணக்கம். நான் மதுரையில் 9 ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறேன். தவணைக்கு ஆசைப்பட்டு அன்றிரவே பணம் கட்டாமல் இங்கே வந்து கேட்டிருக்கிறீர்களே, அதற்கே முதலில் பாராட்டுகள்.

எல்லோரும் யோசனை கேட்டு வருகிறார்கள் என்பதை நீங்கள் ஒரு தகுதியாக எழுதியிருக்கிறீர்கள். இத்தொழிலுக்கு வர விரும்புகிறவர்களில் ஏறக்குறைய அனைவரும் இதையே சொல்கிறார்கள். நானும் 9 ஆண்டுகளுக்கு முன் இதைத்தான் சொன்னேன். ஆனால் யோசனை சொல்வது இந்தத் தொழிலே அன்று. வந்தவர் தமக்குள் ஏற்கெனவே பாதி அறிந்திருப்பதை முழுதாகக் கண்டு, அதன்மேல் தாமே ஒரு முடிவெடுத்து, அடுத்த வாரம் அதைச் செய்தும் பார்க்கும்வரை, நம்மிடம் இருக்கும் அருமையான யோசனையை நாக்கு நுனியிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்பதுதான் தொழில். ஆகவே, யோசனை சொல்ல வருகிறதா என்று உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டாம். தெளிவாகத் தெரிந்த ஒரு யோசனையைச் சொல்லாமல் நாற்பது நிமிடம் இருக்க முடிகிறதா, அப்படி இருந்தபின் மனம் நிறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது பழக்கத்தால் வந்துவிடும். இரண்டாவது இயல்பைச் சார்ந்தது; அதைப் படிப்பு தருவதில்லை என்பதே என் அனுபவம்.

இதற்கு 1,80,000 ரூபாய் தேவையில்லை. உங்களுக்கு நெருங்கிய உறவாக இல்லாத ஐந்து பேரிடம், 'ஒரு பயிற்சிக்காகக் கேட்கிறேன். உங்கள் மனத்தில் இருக்கும் ஒரு விஷயத்தை என்னோடு பேச முடியுமா, அதை எனக்காக மட்டும் பதிவு செய்துகொள்ளலாமா' என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் தொலைபேசியில் பதிவு செய்து, வீட்டில் தனியாக அமர்ந்து கேளுங்கள். நீங்கள் எத்தனை நிமிடம் பேசினீர்கள், அவர் எத்தனை நிமிடம் பேசினார் என்று எழுதுங்கள். பிறகு நீங்கள் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் எழுதி, அது உண்மையிலேயே கேள்விதானா, அல்லது கேள்விக்குறி போட்ட அறிவுரையா என்று பாருங்கள். 'நீங்கள் ஏன் மேலாளரிடம் நேரடியாகப் பேசக் கூடாது?' என்பது அறிவுரை. 'மேலாளரைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிட்டதே, அப்போது மனத்தில் என்ன ஓடியது?' என்பது கேள்வி. ஐந்து உரையாடல் முடிந்ததும் பதிவுகளை அழித்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. அங்கே கற்ற கேள்விகளை அப்படியே தமிழாக்கிக் கேட்டால் எதிரில் இருப்பவர் விழிப்பார். நம் மொழியில் 'ஏன் அப்படிச் செய்தீர்கள்?' என்று கேட்டால் அது விசாரணை போல ஒலிக்கிறது. கேட்டவுடன் மனிதர் தம்மைக் காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறார். அதையே 'என்ன நினைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள்?' என்று கேட்டால் சொல்லத் தொடங்குகிறார். வயதும் குறுக்கே வரும். என்னைவிட 20 வயது மூத்த ஒரு தொழிலதிபர் முதல் அமர்விலேயே, 'தம்பி, நீங்கள் படித்தவர். என்ன செய்யணும்னு நீங்களே சொல்லிவிடுங்கள்' என்றார். அந்த மரியாதையைக் காயப்படுத்தாமல் பொறுப்பை அவரிடமே திருப்பிக் கொடுக்க எனக்கு மூன்று அமர்வுகள் ஆயின. அதோடு, நம் ஊரில் 27 வயதுப் பிள்ளையின் வேலை மாற்றம் அவன் ஒருவனுடைய முடிவாக இருப்பதில்லை; அப்பாவின் வீட்டுக் கடன், அக்காவின் திருமணம், அம்மாவின் உடல்நிலை எல்லாம் அந்த அறையில் வந்து உட்கார்ந்திருக்கும். 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று மட்டுமே கேட்கக் கற்றுக்கொண்ட பயிற்றுநர் இங்கே பயன்படமாட்டார்.

பொருநை:

நான் விலகியவன். நெல்லையிலிருந்து சென்னைக்கு வந்து, மென்பொருள் துறையில் இருந்துகொண்டே பயிற்சி முடித்து, வேலையையும் விட்டு, இரண்டு ஆண்டுகள் முழுநேரமாகச் செய்தேன். அமர்வுகளை நான் விரும்பினேன். நன்றாகவே செய்தேன் என்றும் நம்புகிறேன். இருந்தும் விலகினேன். காரணம் கணக்கு. அதை அப்படியே எழுதுகிறேன்.

ஒரு மணி நேர அமர்வுக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 60,000 ரூபாய் வரவேண்டுமானால் 30 அமர்வுகள் வேண்டும். ஒருவர் மாதத்துக்கு இரண்டு அமர்வு வருவார் என்றால், எந்த நேரத்திலும் 15 பேர் உங்களிடம் இருக்க வேண்டும். ஒருவர் மூன்று மாதத்தில் முடித்துச் செல்வார். முடிக்கத்தான் வேண்டும், அவரைக் காலமெல்லாம் பிடித்து வைத்துக்கொள்வது நம் வேலையன்று. அப்படியானால் ஒவ்வொரு மாதமும் 5 புதியவர்கள் வர வேண்டும். அறிமுகமாகப் பேசும் நால்வரில் ஒருவர் சேர்ந்தாலே அது நல்ல விகிதம் என்பதால், மாதம் 20 பேரிடம் கட்டணமின்றி அறிமுக உரையாடல் நடத்த வேண்டும். அந்த 20 பேர் உங்களைத் தேடி வருவதற்காக லிங்க்ட்இன், இன்ஸ்டாகிராம், யூடியூப் என்று வாரம் முழுவதும் எதையாவது எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்க வேண்டும். 30 மணி நேர அமர்வுக்காக நான் மாதம் 90 மணி நேரத்துக்குமேல் ஆள் தேடுவதில் செலவிட்டேன். நான் விரும்பிச் செய்த வேலை என் மாதத்தில் நான்கில் ஒரு பங்குதான்.

இன்னொன்று, கட்டணம் கேட்பது. மனம் உடைந்து பேசிய ஒருவரிடம் அழைப்பின் முடிவில் 'ஆறு அமர்வுக்கு 12,000 ரூபாய்' என்று சொல்ல எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை. பாதிப் பேருக்குக் குறைத்துக் கொடுத்தேன், சிலருக்கு வாங்கவே இல்லை. இதைக் குணம் என்று நண்பர்கள் பாராட்டினார்கள். வீட்டு வாடகைக்கு அது உதவவில்லை. நீங்கள் மனிதவளப் பிரிவில் சம்பளப் பேச்சு நடத்தியவர் என்பதால் உங்களுக்கு இது எளிதாக இருக்கலாம். ஆனால் நிறுவனத்தின் பணத்தைப் பற்றிப் பேசுவதும், நம் நேரத்துக்கு நாமே விலை சொல்வதும் வெவ்வேறு. இதையும் சோதித்துப் பாருங்கள்.

இப்போது ஒரு நிறுவனத்தில் பயிற்சித் துறையில் இருக்கிறேன். அங்கே புதிதாகக் குழுத் தலைவர்களாகும் இளைஞர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலையின் ஒரு பகுதி. அந்த இரண்டு ஆண்டுகள் வீண் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. ஆனால் தவணையில் படிப்பில் சேராதீர்கள் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கடனை அடைக்க ஆள் பிடிக்கும் நிலை வந்தால், வருகிறவர் உங்களுக்குத் தேவையானவராகத் தெரிவாரே தவிர, உதவி தேவைப்படுபவராகத் தெரியமாட்டார்.

கொல்லிமலை:

சான்றிதழ் பற்றி யாராவது தெளிவாக எழுத முடியுமா? ஒவ்வொருவரும் 'பன்னாட்டு அங்கீகாரம்' என்று விளம்பரம் செய்கிறார்கள். அரசு அங்கீகாரம் எதுவும் உண்டா?

கரிசல்மண்:

இந்தியாவில் லைஃப் கோச் என்று பெயர்ப்பலகை வைக்க எந்த உரிமமும் தேவையில்லை; அதற்கென்று தனிச் சட்டமும் இல்லை. நாளைக் காலை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். எனவே தொழிலுக்குள்ளேயே உருவான அமைப்புகளின் அளவுகோலைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அவற்றுள் பரவலாக அறியப்பட்டது, 1995இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப். எனப்படும் பன்னாட்டுப் பயிற்றுநர் கூட்டமைப்பு.

பலர் ஏமாறும் இடம் இதுதான்: பயிற்சிப் பள்ளி தரும் சான்றிதழ் வேறு, ஐ.சி.எஃப். தரும் தகுதிநிலை வேறு. பள்ளியில் படித்து முடிப்பதால் மட்டும் தகுதிநிலை கிடைத்துவிடாது. முதல் நிலையான ஏ.சி.சி.க்குக் குறைந்தது 60 மணி நேரப் பயிற்சியும், 100 மணி நேரம் பிறருக்குப் பயிற்றுவித்த அனுபவமும் வேண்டும். அந்த 100இல் 75 மணி நேரமாவது கட்டணம் பெற்றதாக இருக்க வேண்டும். அடுத்த நிலையான பி.சி.சி.க்கு 125 மணி நேரப் பயிற்சியும் 500 மணி நேர அனுபவமும் கேட்கிறார்கள். உச்ச நிலையான எம்.சி.சி.க்கு 2,500 மணி நேர அனுபவம். இவற்றோடு மூத்த பயிற்றுநர் ஒருவரிடம் 10 மணி நேர வழிகாட்டுதல், தேர்வு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் ஆகியவையும் உண்டு.

எனவே பள்ளியிடம் 'அங்கீகாரம் உண்டா' என்று பொதுவாகக் கேட்காமல், எந்த நிலை அங்கீகாரம், அது இன்றைக்கும் நடப்பில் இருக்கிறதா, அந்த 10 மணி நேர வழிகாட்டுதல் கட்டணத்துக்குள் அடங்குமா, நான் நடத்தும் அமர்வை ஆசிரியர் ஒருவர் நேரில் கேட்டுக் குறை நிறை சொல்வது எத்தனை முறை, இடையில் விலகினால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். நான்காவது கேள்விதான் எனக்கு முக்கியம். காணொளிகளைப் பார்த்து முடித்தவருக்குச் சான்றிதழ் தரும் இடத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது.

குறிஞ்சிமுகடு:

நான் திருச்சியில் பணிபுரியும் மருத்துவ உளவியலாளர். இந்த இழையை மதிப்போடு படித்து வந்தேன். என் துறையின் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். லைஃப் கோச்சுக்கு அப்படி எதுவும் இல்லை என்று மேலே எழுதப்பட்டிருக்கிறது. பதிவு இல்லை என்பதைவிட, எல்லை எங்கே என்று யாரும் சொல்லித் தருவதில்லை என்பதே எனக்குக் கவலை தருகிறது. என்னிடம் வந்த ஓர் இளைஞர் அதற்குமுன் நான்கு மாதங்கள் ஒரு பயிற்றுநரிடம் போயிருந்தார். அதிகாலையில் எழ முடியவில்லை, வேலையில் மனம் ஒன்றவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை என்று அவர் சொன்னவற்றையெல்லாம் ஒழுக்கக் குறைவாக எடுத்துக்கொண்டு, காலை ஐந்து மணிக்கு எழும் அட்டவணை ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு இருந்தது மனச்சோர்வு நோய். அட்டவணையைக் கடைப்பிடிக்க முடியாத ஒவ்வொரு நாளும் தாம் எதற்கும் லாயக்கற்றவர் என்பதற்கு இன்னொரு சான்றாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்தப் பயிற்றுநர் தீய எண்ணம் கொண்டவர் அல்லர். தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் நான்கு மாதம் என்பது அந்த நோயில் மிக நீண்ட காலம்.

இரண்டு வாரங்களுக்குமேல் தொடரும் தூக்கக் கேடு, எதிலும் விருப்பமின்மை, பசி மாற்றம், காரணமற்ற குற்ற உணர்வு, திடீர்ப் பதற்றம், மதுப் பழக்கம், வீட்டில் வன்முறை, 'இருந்து என்ன பயன்' என்பது போன்ற பேச்சு ஆகியவற்றில் எதைக் கேட்டாலும், அமர்வை உங்கள் போக்கில் தொடராமல் உளவியலாளரிடமோ மனநல மருத்துவரிடமோ அனுப்ப வேண்டும். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது, தயங்காமல் கேட்கலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை ஒவ்வொரு பயிற்றுநரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கட்டணம் தரும் ஒருவரை, 'இது என் வேலையன்று' என்று சொல்லி அனுப்பிவைக்க உங்களால் முடியுமா? பொருநை அவர்களின் கணக்கைப் படித்தபின், அந்த 15 பேரில் இருவரை அப்படி அனுப்ப வேண்டிய மாதத்தை நினைத்துப் பாருங்கள்.

பணம் பற்றிய ஆலோசனைக்கும் எல்லை உண்டு. எந்தப் பங்கில் போடலாம், எந்த ஃபண்டு நல்லது என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்வதற்கு, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பதிவு வேண்டும்.

நொய்யல்:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பதிலளித்த ஒவ்வொருவருக்கும் நன்றி. கரிசல்மண் ஐயா சொன்னபடியே ஐந்து உரையாடல்கள் நடத்தினேன்.

முதல் உரையாடல் 40 நிமிடம். அதில் நான் பேசியது 26 நிமிடம். நன்றாகக் கேட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் பதிவைப் போட்டேன். பத்தாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். நான் கேட்ட ஒன்பது கேள்விகளில் ஆறு, ஐயா சொன்ன கேள்விக்குறி போட்ட அறிவுரைகள். அவர் ஏதோ சொல்லத் தொடங்கிய இடங்களில் எல்லாம் 'எனக்குப் புரிகிறது' என்று சொல்லி நான் குறுக்கே போயிருக்கிறேன். மூன்றாவது உரையாடலுக்குள் என் பேச்சு 15 நிமிடமாகக் குறைந்தது. பழக்கத்தால் வரும் என்று சொன்னது உண்மைதான்.

ஐந்தாவதுதான் எனக்கு விடை சொன்னது. எங்கள் தெருவில் தையல் கடை நடத்தும் பெண்மணி, கடையைப் பெரிதாக்குவதா, மகனோடு திருப்பூருக்குப் போய்விடுவதா என்று பேசினார். எனக்கு ஐந்தே நிமிடத்தில் பதில் தெரிந்துவிட்டது. சொல்லாமல் இருந்தேன். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் அவராகவே, நான் நினைத்ததற்கு நேர் எதிரான ஒரு முடிவை, மிகத் தெளிவான காரணங்களோடு சொன்னார். அவருடைய முடிவுதான் சரி. என் யோசனையைச் சொல்லியிருந்தால் கெடுத்திருப்பேன். அவர் எழுந்து, 'சரி, போய் அளவு எடுக்கணும்' என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தொழிலில் இருப்பவர்களுக்கு அது மகிழ்ச்சியான தருணமாக இருந்திருக்கும். எனக்கு வெறுமையாக இருந்தது. அவருக்கு நான் ஏதாவது செய்திருக்க வேண்டும் என்ற உணர்வே மேலோங்கியிருந்தது.

அதே வாரம் ஆலையில், இரவுப் பணி முடிந்து கைக்குழந்தையோடு தவித்த ஒரு பெண்ணுக்குப் பணிமுறையை மாற்றித் தரும்படி மேலாளரிடம் இரண்டு நாள் வாதாடி வாங்கிக் கொடுத்தேன். அன்று வீட்டுக்குப் போகும்போது இருந்த நிறைவை எண்ணிப் பார்த்தேன். மனிதர்களோடு பேச வேண்டும் என்று நான் ஏங்கியது உண்மை. ஆனால் பேசி, பிறகு எழுந்து போய் அவர்களுக்காக ஒன்றைச் செய்து முடிப்பதுதான் எனக்கு வேண்டியிருக்கிறது. லைஃப் கோச்சுக்கு அந்த அதிகாரமும் இல்லை, அது அவர் வேலையும் இல்லை. எனவே படிப்பில் சேரவில்லை. தாள் வேலையில் ஒரு பகுதியை வேறொருவருக்கு மாற்றிவிட்டு, தொழிலாளர் நலப் பொறுப்பை முழுமையாக எனக்குத் தரும்படி நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

முல்லைப்பந்தல்:

நொய்யல் அக்காவின் பதிவைப் படித்துக்கொண்டே வந்தவள் நான். கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியை. யாரும் கேட்காமலேயே அந்த ஐந்து உரையாடல்களை நானும் செய்தேன். எனக்கு நேர்மாறாக இருந்தது. வகுப்பில் நாள் முழுவதும் பேசிக்கொண்டே இருப்பவளுக்கு, ஒருவர் யோசிக்கும் மௌனத்தில் கூடவே அமர்ந்திருப்பது இவ்வளவு பிடிக்கும் என்று தெரியாது. மூன்றாவது உரையாடலில் ஒருவர் இரண்டு நிமிடம் எதுவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பிறகு அவர் சொன்னதைக் கேட்டு எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் யார், என்ன சொன்னார் என்பதை எழுத மாட்டேன்.

எனவே வேலையில் இருந்துகொண்டே மெதுவாகத் தொடங்க நினைக்கிறேன். படிப்புக்குப் பணம் சேர்க்க எட்டு மாதமாவது ஆகும். அதற்குள் அந்த 100 மணி நேரத்தைத் தொடங்கிவிடலாமா? கட்டணம் எவ்வளவு கேட்பது?

கரிசல்மண்:

முல்லை அம்மா, மகிழ்ச்சி. ஆனால் அவசரப்பட வேண்டாம். முறையான பயிற்சியைத் தொடங்கிய பிறகு நடத்தும் அமர்வுகள்தான் அந்த 100 மணி நேரக் கணக்கில் சேரும். இந்த எட்டு மாதம் கட்டணமின்றி, மாதம் இரண்டு பேர் போதும். உங்கள் மாணவர்களின் பெற்றோரை இப்போதும் பிறகும் எடுக்காதீர்கள். அவர்கள் உங்களிடம் மனம் திறந்து பேசமாட்டார்கள். பேசிவிட்டால் பிள்ளையின் மதிப்பெண் பற்றிய பேச்சு வரும்போது இருவருக்கும் சங்கடம்.

பயிற்சி தொடங்கியதும் முதல் நாளிலிருந்தே சிறு தொகையாவது வாங்குங்கள். தொகை எவ்வளவு என்பதில் நிபந்தனை இல்லை. நான் 300 ரூபாயில் தொடங்கினேன். பொருநை தம்பி எழுதிய அந்தத் தயக்கத்தை ஆரம்பத்திலேயே கடந்துவிட அது உதவும். பதிவேட்டில் ஒவ்வொருவரின் பெயர், தொடர்பு விவரம், அமர்வு நடந்த காலம், மணிக்கணக்கு, கட்டணம் உண்டா இல்லையா என்பதை எழுதி வாருங்கள். தகுதிநிலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பதிவேட்டைக் கேட்கக்கூடும் என்பதை வருகிறவரிடம் முதல் அமர்வுக்கு முன்பே சொல்லி, அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பேசிய விஷயம் எதையும் அதில் எழுதக் கூடாது.